ஊர் தெரியாத காவலன்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன காஞ்சிபுரத்துப் பெருமக்களே!

'காவல் சிறப்பது அச்சத்தாலா? அன்பாலா?' என்பது தலைப்பு. "லத்தி இல்லாமல் காவல் ஏது?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்த லத்திக்கும் ஒரு வரலாறு இருக்கிறதே!

2019-இல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். சுமார் ஒரு கோடிப் பேர் வந்தார்கள். பாதுகாப்புக்குத் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் வந்தது. நாம 'பட்டாலியன் போலீஸ்' என்கிறோமே, அவங்கதான். எங்க தெருமுனையில் நின்ற ஒரு தம்பியிடம், "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று வெளியூர்க்காரர் வழி கேட்டார். "எனக்கே தெரியாது சார், நான் மணிமுத்தாறு!" என்றான். (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஊர் தெரியாதவனைக் காவலுக்கு அனுப்புவது நூறு வருஷத்துப் பழக்கம், ஐயா!

1921. சென்னை மாகாணத்து மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி வெடித்தது. அந்த ஆண்டே மலப்புரத்தில் 'மலபார் ஸ்பெஷல் போலீஸ்' உருவானது. முன்னின்று அமைத்தவர் ஹிட்ச்காக் என்ற ஆங்கிலேயக் காவல் அதிகாரி. பேர்தான் போலீஸ். கம்பெனி, சுபேதார், ஜமேதார், கையில் துப்பாக்கி என்று எல்லாம் ராணுவப் பாணி.

சீக்கிரமே வேலை வந்தது. 1922-இல் கோதாவரி மலைக்காடுகளில் அல்லூரி சீதாராம ராஜு எழுந்தார். காட்டை நம்பி வாழ்ந்தவனைக் காட்டுக்குள் விடாத சட்டத்தை எதிர்த்த போராட்டம் அது. அடக்குவதற்கு மலபார்ப் படையை அனுப்பினார்கள். போதவில்லை என்று அசாம் ரைபிள்ஸும் வந்தது. 1924 மே 7-இல் ராஜு சுட்டுக் கொல்லப்பட்டார். மலபார்க்காரனுக்குத் தெலுங்கு தெரியாது, அந்த மலைமக்களின் பசியும் தெரியாது. தெரியாததுதானே வெள்ளைக்காரனுக்கு வேண்டிய தகுதி!

1956 நவம்பர் 1-இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. மலப்புரத்துப் படை பழைய பேரோடு அங்கே நின்றது. நம் பக்கம் ஆவடி, மணிமுத்தாறு, பழனி, ராஜபாளையம், உளுந்தூர்பேட்டை என்று பட்டாலியன்கள் வளர்ந்தன. டெல்லி திகார் சிறையிலும் நம்ம பிள்ளைகள் காவல் நின்றார்கள். ஏன் தமிழன்? கைதியோடு பேச்சு வளராது, பேரம் நடக்காது!

இதில் நியாயமும் உண்டு, மறுக்கவில்லை. கலவர ஊரில் உள்ளூர்க்காரன் மாமன் மச்சான் முகம் பார்ப்பான். வெளியூர்க்காரன் பார்க்க மாட்டான்.

ஆனால் 2023 மே மாதம் அதே திகாரில் என்ன நடந்தது? ஒரு கைதியை மற்றக் கைதிகள் குத்திக் கொன்றார்கள். காவலர்கள் கண்ணெதிரே மறுபடியும் தாக்கியது கேமராவில் பதிவானது. நம் படையினர் 7 பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த உயிருக்கும் அவர்களுக்கும் நடுவில் எத்தனை அடி தூரம், சொல்லுங்க? விலகி நில் என்று பழக்கினோம். விலகியே நின்றுவிட்டால் அது காவலா?

மறுபடி நம்ம தெருமுனைக்கு வாங்க. திண்ணையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த பாட்டி அந்தத் தம்பியைக் கூப்பிட்டார். "ஏம்பா, வழி தெரியாமலா காவல் நிக்கிறே?" என்று மோர் கொடுத்து, சந்து சந்தாகச் சொல்லிக்கொடுத்தார். ஜூலை 18-இல் நெரிசலில் 4 பேர் இறந்தார்கள். ஊரே கலங்கிப் போனது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா எங்க தெருவில் மயங்கி விழுந்தாங்க. கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. அந்தத் தம்பிதான், பாட்டி காட்டிய சந்து வழியே அவங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த அம்மா பிழைத்துக்கொண்டாங்க. லத்தியைத் திண்ணையிலேயே விட்டுட்டுப் போயிருந்தான், ஐயா! (கைத்தட்டல்)

நெசவாளர்களுக்குத் தெரியும். நம் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்யும்போதே கோர்வை போட்டு இரண்டையும் இணைக்கிறோம். கோர்வை சரியாக விழுந்தால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது. காவலன் வெளியூர்க்காரனாக இருக்கட்டும். அவனை ஊரோடு சேர்க்கிற கோர்வை அன்புதான்.

தீர்ப்பு நடுவர் கையில்.