களிகம்பும் கூடிப் பழகிய வட்டமும்

நாட்டுக்கலை என்றதும் நம்மிற் பலர் மேடையேறிய ஆட்டத்தை மட்டுமே நினைக்கிறோம். ஆட்டத்துக்கு முன் நாட்கணக்கில் நிகழ்ந்த பழக்கத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் களிகம்பை ஆராயுங்கால், அதன் சமூகப் பயன் பெரிதும் அப்பழக்கத்திலேயே அடங்கியிருந்தது என்பது புலனாகும்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காக நீளும் இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒருபுறம் கடல், மறுபுறம் பட்டிப்பளை ஆறு வளம்படுத்தும் வயல்வெளி. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. உழவும் மீன்பிடியும் நெசவும் செய்து வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே இருவகைப் பாடல் மரபுகள் வளர்ந்தன. ஒன்று, தனிக்குரலாய் எழும் கவி. மற்றொன்று, கூட்டமாய்ப் பாடி ஆடும் களிகம்பு. இதனைப் பொல்லடி என்றும் வழங்குவர். திருமண வீடும் சுன்னத்துக் கலியாண ஊர்வலமும் இதன் களங்களாயின.

இதன் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஆடுவோர் தொகை இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொருவர்க்கும் இரு கோல்கள். அண்ணாவியார் தாளமிட்டுப் பாட, ஆடுவோர் அவ்வடியை ஏற்றுப் பாடியவாறே சுற்றிவந்து கோலடிப்பர். ஒருவன் கோல் அடுத்தவன் கோலைச் சந்தித்தாலன்றி ஓசை பிறவாது. ஒருவன் கணநேரம் பிந்தினால் அவன் மட்டுமா தவறுகிறான்? வட்டம் முழுவதும் குலைகிறது! ஆதலால் வல்லவனும் புதியவனுக்காக நின்று, அதே அடியைத் திரும்பத் திரும்பப் பழகவேண்டியதாயிற்று. எழுத்தறியாதவனும் பாட்டையும் தாளத்தையும் செவிவழியே பெற்றான். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இவ்வூர்களில், கோல் பிடித்தவன் எக்குடியினன் என்ற வினாவுக்குத் தாளத்தில் இடமில்லை. கூட்டு வாழ்வின் இலக்கணத்தை உடலாற் கற்பித்த பள்ளி அது.

குறையையும் மறைத்தல் ஆகாது. வட்டம் ஆண்களுடையது. பெண்களின் பாட்டுத் திறன் தாலாட்டாகவும் கவியாகவும் குரவையாகவும் வேறிடத்தில் வாழ்ந்தது. ஆட்டத்தில் ஒன்றாய் நின்றோர் வயலில் போடியாராகவும் கூலியாளாகவும் பிரிந்தே நின்றனர். கலை அப்பிரிவை ஒழித்துவிடவில்லை. ஒழிந்தால் வாழ்வு எவ்வாறிருக்கும் என்று சிறிது நேரம் காட்டியது.

அண்ணாவியார் என்னும் பெயர் தமிழர் கூத்திலும் ஆசிரியனைக் குறிப்பது. அண்டைத் தமிழ்ச் சிற்றூர்களின் வசந்தனும் கோலடித்துப் பாடும் ஆட்டமே. வசந்தன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து 1940இல் நூலாக்கினார். பிற்காலத்தில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்துக் கற்பவர், இரு சமூகத்துக்குமிடையே பண்பாட்டுச் சுவர் எழுப்ப இயலாது.

ஆயினும் வட்டம் சுருங்கிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின், பலர் கூடி வெட்டிச் சூடு மிதித்த காலம் மறைந்தது. கூட்டு உழைப்போடு கூடியிருக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஆட்டமும் இசையும் மார்க்கத்துக்கு ஒவ்வா என்ற வாதம் வலுப்பெற்றது. 1985, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அயலூர்களை ஒன்றையொன்று அஞ்சச் செய்தன. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேர்வரை பலிகொண்டது. பாடத் தெரிந்தோரையும் கேட்கத் தெரிந்தோரையும் அலை வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

இன்று களிகம்பு பாடசாலைப் போட்டிகளிலும் அரச கலைவிழாக்களிலும் சில நிமிடங்கள் ஆடப்படுகிறது. அதனை நாம் இகழவில்லை. ஆனால் பரிசுக்காகச் சில மாணவரைத் தெரிந்தெடுத்துப் பழக்கி, மற்றோரைப் பார்வையாளராக நிறுத்துவது வட்டத்தின் இயல்புக்கே மாறானது. ஆசிரியர்களாகிய நாம் செய்யவேண்டியது இதுவே: பாடல்களைப் பாடிய முதியோரிடமிருந்து எழுதிக்கொள்வதோடு, அவை பழக்கப்பட்ட முறையையும் பதிவுசெய்வோம். மருதமுனை மாணவனும் பாண்டிருப்பு மாணவனும் ஒரே வட்டத்தில் கோல் பிடிக்க வழி செய்வோம். ஏட்டில் ஏறிய பாட்டு அழியாதிருக்கலாம். கூடிப் பழகும் மக்கள் இல்லையேல் அது மீண்டும் ஒலிக்காது.