கைடுக்குச் சம்பளம் யார் தர்றாங்க? டிப்ஸின் கதை

வெளிநாடு கிளம்புற நண்பர்கள் பலர் கேட்கிற கேள்வி இது: "டூர் கைடுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கணும்?" இணையத்துல தேடினா ஒரு அட்டவணை கிடைக்கும். அமெரிக்கான்னா இத்தனை சதவீதம், எகிப்துன்னா கண்டிப்பா கொடுக்கணும், ஜப்பான்னா வேண்டாம். அந்த அட்டவணை எப்படி உருவாச்சுன்னு யாரும் சொல்றதில்லை. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். கதை முழுக்க ஒரே கேள்வியைப் பிடிச்சுக்குவோம்: அந்தக் கைடுக்குச் சம்பளம் தர்றது யாரு?

1867-ல் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்ற கப்பல் சுற்றுலாப் பயணிகளோடு ஐரோப்பாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் கிளம்புச்சு. அதுல மார்க் ட்வைனும் இருந்தார். அந்தப் பயணத்தைப் பத்தி அவர் எழுதின 'தி இன்னொசென்ட்ஸ் அப்ராட்' 1869-ல் வெளிவந்தது. பாரிஸ்ல அவங்களுக்கு ஒரு கைடு கிடைக்கிறார். அவர் பேரு இவங்களுக்குப் பிடிக்கலை. அதனால ஃபெர்குசன்னு கூப்பிட ஆரம்பிச்சுடுறாங்க. அதோட நிக்கலை. அடுத்தடுத்த ஊர்ல வந்த கைடுகளுக்கும் அதே பேருதான்!

இந்த ஃபெர்குசன்கிட்ட லூவ்ர் மியூசியத்துக்குப் போகணும்னு சொன்னா, அவர் வண்டியைப் பட்டுத்துணிக் கடை வாசல்ல நிறுத்துவார். ஒரு கடை இல்லை, கடை கடையா. காரணம் எளிமையானது. விற்பனையில அவருக்குக் கமிஷன் உண்டு. அதாவது, அவருடைய வருமானத்துல ஒரு பங்கை அந்தக் கடைக்காரர் தர்றார். அதைப் பார்த்துத்தான் வண்டி திரும்புது. இன்னைக்கும் பல ஊர்ல டூர் வேன் கம்பளக் கடையிலயோ நகைக் கடையிலயோ "பத்தே நிமிஷம்" நிக்குதுன்னா, அது 150 வருஷத்துக்கு மேல பழசான கணக்கு.

இதே காலத்துல இன்னொரு வழியைக் கண்டுபிடிச்சவர் இங்கிலாந்தின் தாமஸ் குக். 1841-ல் லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஒரு ரயில் பயணத்தை ஏற்பாடு பண்ணித் தொடங்கினவர், 1869-ல் எகிப்து, பாலஸ்தீனம் வரைக்கும் ஆட்களைக் கூட்டிட்டுப் போனார். பெரும்பாலான செலவை முன்கூட்டியே ஒரே கட்டணமா வாங்கிக்கிறதுதான் அவர் முறை. ஒவ்வொரு இடத்துலயும் பேரம் பேசுற தொல்லை பயணிக்குக் குறைஞ்சது. நாம இன்னைக்கு பேக்கேஜ்னு சொல்றது இதைத்தான்.

அடுத்து அமெரிக்கா. இங்க கதை கைடுகளை விட்டுட்டு ரயிலுக்குள்ள போகுது. டிப்ஸ் எப்படிச் சம்பளமாவே மாறுச்சுன்னு அங்கதான் தெளிவாத் தெரியும். அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, ஜார்ஜ் புல்மனின் கம்பெனி தன்னோட படுக்கை வசதி ரயில் பெட்டிகள்ல விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஏராளமா வேலைக்கு வெச்சது. படுக்கை போடணும், பெட்டி தூக்கணும், ராத்திரி ஷூவுக்குப் பாலிஷ் போடணும். அந்தப் பாலிஷையும் அவங்க காசுலயே வாங்கணும். சம்பளம் ரொம்பக் குறைவு. மீதியைப் பயணிகள் டிப்ஸா கொடுத்துடுவாங்கங்கிறது கம்பெனியோட கணக்கு. பயணிகள் பலர் அவங்களையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடலை. முதலாளி பேரு ஜார்ஜ், அதனால எல்லாருமே 'ஜார்ஜ்'. அங்க ஃபெர்குசன், இங்க ஜார்ஜ்.

இதை எதிர்த்தவங்களும் இருந்தாங்க. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்கே தடை போட்டுச்சு. வேற சில மாநிலங்களும் அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்தன. 1926-க்குள்ள எல்லாமே ரத்தாயிடுச்சு. வேற வழியில போனவங்க அந்த ரயில் பணியாளர்களேதான். 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில சங்கம் அமைச்சாங்க. பன்னிரண்டு வருஷப் போராட்டத்துக்கு அப்புறம், 1937-ல் புல்மன் கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு. சம்பளம் கூடுச்சு, வேலை நேரம் குறைஞ்சது. அவங்க கேட்டது பெரிய டிப்ஸ் இல்லை, சரியான சம்பளம்.

ஆனா அந்த முறை நாட்டுல அப்படியே தங்கிடுச்சு. அமெரிக்க மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குற தொழிலாளிக்கு முதலாளி 2.13 டாலர் மட்டும் கொடுக்கலாம். டிப்ஸோட சேர்த்தும் 7.25 வரலைன்னா மீதியை முதலாளி ஈடுகட்டணும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் இந்தக் குறைப்பை அனுமதிக்கிறதில்லை. அந்த 2.13 டாலர் 1991-லிருந்து மாறவே இல்லை. எங்க துறையில லெகசி கோடுன்னு ஒண்ணு சொல்வோம். எழுதினவங்க போய்ச் சேர்ந்திருப்பாங்க, கோடு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். இது அந்த வகை.

இப்போ கைடுக்கே திரும்பி வருவோம். 2000-களின் தொடக்கத்துல பெர்லின்லயிருந்து 'ஃப்ரீ வாக்கிங் டூர்' பிரபலமாச்சு. முன்பணம் கிடையாது, கடைசியில விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். ஓசின்னு நினைச்சுப் போறவங்க நிறைய. ஆனா பல இடங்கள்ல கைடுக்கு அந்த டிப்ஸைத் தவிர வேற வருமானம் இல்லை. சில நிறுவனங்கள்ல வந்தவங்க தலைக்கு இவ்வளவுன்னு கைடுதான் நிறுவனத்துக்குப் பணம் கட்டணும். ரெண்டரை மணி நேரம் கதை கேட்டுட்டுக் கடைசி முக்குல நைசா நழுவினா, உங்களுக்கான காசை அவர் கைக்காசுலயிருந்து கட்டுறார்னு அர்த்தம்.

ஜப்பான்ல நிலைமை தலைகீழ். சொன்ன கட்டணமே முழுக் கட்டணம். மேல சில்லறையை நீட்டினா அவங்களுக்குச் சங்கடம். கொடுத்தே ஆகணும்னு தோணினா, ஒரு கவர்ல போட்டுக் கொடுக்கிறதுதான் மரியாதை.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கட்டணத்துல டிப்ஸ் அடக்கமான்னு டூர் விவரத்துல இருக்கா? ரெண்டு, இது 'ஃப்ரீ' டூரா? ஆமான்னா, அதே ஊர்ல கட்டண டூருக்கு எவ்வளவு வாங்குறாங்கன்னு பார்த்து, அதை மனசுல வெச்சு ஒரு தொகையைத் தனியா எடுத்து வைங்க. அதை உங்க பட்ஜெட்ல டிக்கெட் கணக்குல எழுதுங்க, இனாம் கணக்குல வேண்டாம். மூணு, திட்டத்துல 'ஷாப்பிங் ஸ்டாப்' எத்தனை இருக்கு? ரொம்ப மலிவான டூர்ல அது நிறைய இருந்தா, மீதிப் பணம் எங்கிருந்து வருதுன்னு ஃபெர்குசன் சொல்லிட்டார்.

அப்படியே, டூர் தொடங்கும்போது கைடு தன் பேரைச் சொல்வார் இல்லையா? அதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொடுக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.