வயிற்றுத் தசை விலகல்: செஞ்சிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

வயிற்றுத் தசை விலகல் என்பது, வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நேர்த்தசைகள் ஒன்றைவிட்டு ஒன்று அகன்று நிற்கும் நிலையாகும். மருத்துவ நூல்கள் இதனை டயஸ்டாசிஸ் ரெக்டி என்று குறிப்பிடுகின்றன. பிள்ளை பெற்ற பெண்களிடம் மிகுதியாகவும், நடுவயது ஆண்களிடம் ஓரளவும் காணப்படுகிறது. உயிருக்கு ஆபத்தில்லாதது என்பதால் மருத்துவமனைகளின் கவனம் இதன்மீது நீண்ட காலம் விழவில்லை. ஆயினும் வீட்டுப் பெண்களும் மருத்துவச்சிகளும் இதனைக் கண்டறிந்து, தமக்குத் தெரிந்த வகையில் துணி கட்டிப் பார்த்து வந்துள்ளனர்.

தசையும் வெண்கோடும்

விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை இரண்டு நேர்த்தசைகள் பட்டை போல ஓடுகின்றன. இவற்றை நடுவில் இணைப்பது வெண்கோடு எனப்படும் உறுதியான நார்த்திசு. கருவுற்ற காலத்தில் கருப்பை பெரிதாகும்போது இந்த நார்த்திசு நீண்டு, மெலிந்து, அகலமாகிறது. உடலில் சுரக்கும் ஹார்மோன்களும் அதனை நெகிழச் செய்கின்றன. தசைகள் கிழிவதில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள இணைப்புத்தான் தளர்கிறது. குழந்தை பிறந்த பின் பலருக்கு இது மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். சிலருக்குச் சுருங்காமல் நின்றுவிடும். அவர்கள் படுக்கையிலிருந்து எழும்போது வயிற்றின் நடுவே கூரை முகடு போல ஒரு புடைப்பு தோன்றும்.

பழைய நூல்களில்

பிள்ளை பெற்றவளின் வயிற்றைத் துணியால் கட்டும் வழக்கம் மிகப் பழமையானது. சரக சம்ஹிதையின் சரீர ஸ்தானம், பிரசவித்த பெண்ணின் வயிற்றில் நெய்யும் எண்ணெயும் தடவி, அகன்ற தூய துணியால் சுற்றிக் கட்டச் சொல்கிறது. அதற்கு அந்நூல் காட்டும் காரணம், காலியான வயிற்றில் வாயு புகுந்து கேடு செய்ய இடம் இருக்கக் கூடாது என்பதாகும். காரணம் அக்காலத்து மருத்துவக் கொள்கையைச் சார்ந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பின் வயிற்றின் முன்சுவர் தன் பிடிப்பை இழந்து நிற்கிறது என்ற கவனிப்பு சரியானதே. மலாய் மக்களிடம் பெங்குங் என்ற பெயரில் நீண்ட துணியைச் சுற்றிக் கட்டும் வழக்கம் உண்டு. ஐரோப்பிய மருத்துவமனைகளிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வயிற்றுக் கட்டு சாதாரணமாக இருந்தது.

மருத்துவச்சியும் பழைய புடவையும்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் உள்ள அனந்தபுரம் இன்று ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும், இப்பகுதியில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் விளைகின்றன. மருத்துவமனைகள் எட்டாத தொலைவில் இருந்த காலத்தில் வட தமிழகத்துச் சிற்றூர்களில் எல்லாம் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. மருத்துவச்சி, பெரும்பாலும் மருத்துவர் குலத்துப் பெண், பிரசவம் பார்த்தாள். குழந்தை பிறந்த பின் தாயைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று சொல்லி, வெந்நீர் ஊற்றி, காயம் எனப்படும் பிரசவ லேகியம் கொடுத்து, நைந்த பருத்திப் புடவையை மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் வயிறு சரிந்து தொந்தி விழும் என்பது பெரியவர்களின் பேச்சு.

இந்த முறையில் துணியோடு ஓய்வும் சேர்ந்தே இருந்தது. தாய் வீட்டில் தங்கி, குடம் தூக்காமல், குனிந்து நிமிராமல் சில வாரங்கள் இருப்பதும் மருத்துவத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. ஆனால் அந்த ஓய்வு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. நிலமுள்ள வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது, நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவமனைகளின் காலம்

சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1823-இல், புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. இன்றைய ஜிப்மர் அதன் வழிவந்ததாகும். 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் வர மறுத்த பெண்களுக்காக 1885-இல் ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். அதுவே திருவல்லிக்கேணியில் உள்ள இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

செஞ்சிக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அங்கிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடரிடம் ஓர் இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த நிகழ்ச்சியே அவரை மருத்துவம் படிக்கச் செய்தது. 1900-இல் திரும்பி வந்த அவர் வேலூரில் தொடங்கிய பணியே பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

இந்நிறுவனங்கள் அனைத்தின் முதல் நோக்கம் தாயின் சாவைத் தடுப்பதாகும். அது சரியான நோக்கம். அதில் தமிழ்நாடு பெரும் வெற்றியும் கண்டது. 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் அது 97. ஆனால் சாவை எண்ணும் பதிவேட்டில், பிழைத்து வந்த பெண்ணின் தளர்ந்த வயிற்றுக்கு இடம் இல்லை. மருத்துவச்சியின் காலம் முடிந்தபோது, வயிற்றைப் பார்த்து என்ன செய்வது என்று சொல்லும் ஆளும் இல்லாமல் போனார். துணி மட்டும் நின்றது. இன்று அது மருந்துக் கடையில் விற்கும் ஒட்டுப் பட்டை பெல்ட்டாக மாறியுள்ளது.

அளந்து பார்த்த காலம்

மேலைநாட்டு மருத்துவமனைகளில் பிரசவித்தவரைப் பல நாள் படுக்கையிலேயே வைக்கும் வழக்கம் 1940-களில் மாறியது. போர்க்காலப் படுக்கைத் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம். விரைவில் எழுந்து நடப்பது நல்லது என்பது நிலைபெற்றதும், பிரசவத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சி இயன்முறை மருத்துவத்தின் ஒரு பிரிவாக வளர்ந்தது. தசை இடைவெளியை முறையாக அளக்கும் ஆய்வுகளும் வந்தன. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிள்ளை பெறாத பெண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்து, தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரையிலான இடைவெளி இயல்பானதாகலாம் என்றது. 2016-இல் வெளிவந்த நார்வே ஆய்வு முதல் பிரசவப் பெண்கள் 300 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பிரசவமாகி ஆறு வாரத்தில் 60 விழுக்காட்டினருக்கும், ஓராண்டு முடிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கும் விலகல் இருந்தது. அதாவது இது ஒரு சில பெண்களுக்கு மட்டும் வரும் குறை அன்று. சோம்பலால் வந்ததும் அன்று.

மக்களிடையே உள்ள சில எண்ணங்கள்

‘ஆபரேஷன் செய்ததால்தான் வயிறு விழுந்துவிட்டது’ என்று பலர் கூறுவதுண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்பதால், இந்த எண்ணம் பரவியதில் வியப்பில்லை. ஆனால் விலகல் கருவுற்றிருக்கும்போதே ஏற்படுகிறது. சுகப்பிரசவமான பெண்களிடமும் அது உண்டு. வழக்கமான சிசேரியனில் நேர்த்தசைகளை வெட்டுவதில்லை, பக்கவாட்டில் விலக்கியே வழி செய்கிறார்கள்.

இறுக்கிக் கட்டினால் தசை கூடிவிடும் என்பது மற்றொரு எண்ணம். கட்டு வயிற்றுக்குத் தாங்கலாக இருக்கும். சிசேரியனுக்குப் பின் எழுந்து நடக்கும்போது வலியைக் குறைக்கும். தசைக்கு வலுவூட்டும் வேலையை அது செய்யாது. அளவுக்கு மீறி இறுக்கினால் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கிச் சென்று இடுப்புத்தளத் தசைகளைச் சிரமப்படுத்தும்.

ஆண்களுக்கு

நடுவயதில் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் ஆண்களுக்கும் வெண்கோடு விரிவதுண்டு. படுத்து எழும்போது தொப்புளுக்கு மேலே நீளவாக்கில் புடைப்பு தெரியும். பலர் இதைக் குடலிறக்கம் என்று அஞ்சுவர். குடலிறக்கத்தில் தசைச்சுவரில் ஓட்டை இருக்கும். அதில் குடல் சிக்கிக்கொள்ளலாம். விலகலில் ஓட்டை இல்லை, இணைப்புத் திசு அகன்றிருக்கிறது, அவ்வளவே. எனினும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. வலியோடு கூடிய, உள்ளே போகாத கட்டியும் வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஓய்வும் கூலியும்

பிரசவத்துக்குப் பின் ஓய்வு என்பது சட்டமாகவும் வந்தது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்தோடு 12 வார விடுப்பு அளித்தது; 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு அது 26 வாரமாக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. அனந்தபுரம் போன்ற ஊர்களில் வயலில் கூலி வேலை செய்யும் பெண்ணை இந்த விடுப்புகள் எட்டுவதில்லை. அவர்களுக்கென 1987-இல் தொடங்கப்பட்டது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். அதன் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சத்துணவுக்கும் இழந்த கூலிக்கும் ஈடாக வரும் இத்தொகையே பல வீடுகளில் தாயின் ஓய்வு நாட்களைத் தீர்மானிக்கிறது. மெலிந்த வெண்கோடு உறுதிபெற வாரங்களும் மாதங்களும் ஆகும். அதற்குள் கல் சட்டி, தண்ணீர்க் குடம், நெல் மூட்டை என்று தூக்க நேர்ந்தால் வயிற்றுச் சுவரின் மீது சுமை ஏறுகிறது.

கண்டறிதலும் தீர்வும்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, தலையையும் தோள்களையும் மெதுவாகத் தூக்கும்போது தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்துப் பார்க்கலாம். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தென்பட்டால் விலகல் இருக்கக்கூடும். சிசேரியன் ஆனவர்கள் புண் ஆறிய பின் மருத்துவர் சொல்லிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

முதல் தீர்வு, மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பதில் தொடங்கிப் படிப்படியாக வளரும் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்துக் கையூன்றி எழும் பழக்கமும் உதவும். ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அறுவை சிகிச்சைக்கு முன் இயன்முறைப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. பயிற்சியால் பயன் காணாத, அன்றாட வேலைக்கே தொல்லை தரும் சிலருக்கு மட்டும் தசைகளை நெருக்கித் தைக்கும் அறுவை செய்யப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் இன்று மருத்துவமனையில் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர் தாயின் வீட்டுக்கே வருகிறார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார். குழந்தையின் எடையைக் குறிக்கும் அந்த வருகையில் தாயின் வயிற்றையும் ஒருமுறை பார்த்து, இரண்டு பயிற்சிகளைக் கற்றுக் கொடுக்க அதிக நேரம் ஆகாது. அன்று மருத்துவச்சி செய்து வந்த கவனிப்பு, இம்முறை அளவோடும் அறிவியலோடும் தாய்மாருக்குத் திரும்பக் கிடைக்கும்.