30 ராத்தல் டார்கெட்

ஊருக்கு லீவில் போகிற நம்மவர்கள் இப்போதெல்லாம் அந்தமானுக்கும் ஒரு ட்ரிப் அடித்துவிட்டு வருகிறார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். நாங்களும் போனோம். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து எல்லோருக்கும் இன்னும் போர்ட் பிளேர்தான்.

செல்லுலர் ஜெயிலைப் பற்றி வீரம், தியாகம் என்று நிறைய பேர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி, ஒரு வேலை பார்க்கிற இடமாக எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காரணம், எங்கள் ஆபீசில் கொஞ்ச நாளாக நடக்கிற "பாசிட்டிவ் ஒர்க் கல்ச்சர்" பேச்சு. சுவரெல்லாம் போஸ்டர், வெள்ளிக்கிழமை பீட்சா, சாப்பாட்டு அறையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் தன்னை அந்தமான் கைதியோடு ஒப்பிட்டால் உதைக்கத்தான் வேண்டும். நான் ஒப்பிட வரவில்லை. ஆனால் சம்பளம், லீவு, ராஜினாமா எல்லாவற்றையும் உருவிவிட்டால் ஒரு வேலைத்தலத்தில் என்ன மிச்சமிருக்கும் என்று அங்கே பளிச்சென்று தெரிகிறது.

ஜெயிலை 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்து ஆரக்கால் மாதிரி ஏழு கட்டடங்கள். ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு கட்டடத்தின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்த்து இருக்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே போட்ட பிளான் அது. (ஏழில் இப்போது மூன்றுதான் மிச்சம்.)

உள்ளே வேலை என்ன? தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது, கயிறு திரிப்பது, செக்கு. செக்குதான் பெரிய தண்டனை. ஒரு ஆள், ஒரு நாளைக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டியாக வேண்டும். இன்றைய கணக்கில் பதின்மூன்றரை கிலோவுக்கு மேல். கடுகு எண்ணெய் என்றால் 10 ராத்தல். அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று 1909-ல் போன பாரின் கோஷ், உபேந்திரநாத் பானர்ஜி, 1911-ல் போன சாவர்க்கர் எல்லோரும் விடுதலைக்குப் பிறகு இதை எழுதியிருக்கிறார்கள். மாடு சுற்றுகிற மாதிரி மனுஷன் சுற்ற வேண்டும். அளவு குறைந்தால் கைவிலங்கு போட்டு நிற்க வைப்பது, காலில் இரும்புக் கம்பி, சாப்பாட்டுக்குப் பதில் கஞ்சி. ஆள் பேனா பிடித்தவனா, கலப்பை பிடித்தவனா, காய்ச்சலில் கிடக்கிறவனா என்பதெல்லாம் அந்த 30-ஐ அசைக்காது.

சரி, நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று விரட்டியது யார்? வெள்ளைக்காரன் இல்லை. ஜெயிலர் டேவிட் பாரி மேலே இருந்தார். கீழே வார்டர், பெட்டி ஆபீசர், டிண்டால், ஜமாதார் என்று ஒரு ஏணி. ஏணியில் நின்றவர்கள் எல்லோரும் கைதிகள். (டிண்டால் நம்ம பக்கத்து வார்த்தைதான். கப்பலில் மாலுமிகளை மேய்க்கிறவரைத் தண்டல் என்பார்கள் இல்லையா, அது.) சில வருடம் அடி வாங்கியவனுக்கு ஒரு பட்டையைக் கொடுத்து, அடிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். தன் ஆட்கள் 30 ராத்தல் கொடுக்கவில்லை என்றால் பட்டை போய்விடும், மறுநாள் அவனே செக்கில் நிற்பான். அப்புறம் அவனிடம் இரக்கத்தை எங்கே எதிர்பார்ப்பது? கொடூரமான ஆளாகத் தேடிப் பிடிக்க வேண்டியதே இல்லை. இந்த ஏற்பாடு எந்த ஆளையும் அப்படி ஆக்கிவிடும்.

கக்கூஸ் போகக்கூட நேரம் குறித்திருந்தார்கள். இதை நான் சொன்னதும் என் பொண்ணு (பன்னிரண்டு வயசு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான்) கேட்டாள்: "ஏம்ப்பா, இவங்க யார்கிட்டயும் கம்ப்ளெயின்ட் பண்ணலையா?"

பண்ணினார்கள். புகாரை வாங்கிக்கொள்கிறவரும் பாரிதான் என்பதுதான் சிக்கல்.

1912 ஏப்ரலில் இந்துபூஷண் ராய் தன் அறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டார். அதே வருடம் உல்லாஸ்கர் தத்துக்குச் சித்தம் கலங்கியது. அவரைக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்தது நம்ம மெட்ராஸ் மனநோய் மருத்துவமனையில். ஹோத்திலால் வர்மா என்ற கைதி எழுதிய கடிதம் ஒன்று எப்படியோ வெளியே கடத்தப்பட்டு, கல்கத்தாவின் 'பெங்காலி' பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம்தான் மேலே அசைவு. 1913-ல் அரசாங்கத்திலிருந்து ரெஜினால்ட் கிராடாக் நேரில் வந்து கைதிகளோடு பேசினார். குறிப்பிட்ட வருடத் தண்டனை பெற்ற அரசியல் கைதிகள் மறு வருடம் தாய்நாட்டுச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சர் அலெக்சாண்டர் கார்ட்யூ (மெட்ராஸ் அரசாங்கத்தில் இருந்தவர்) தலைமையிலான சிறைக் கமிட்டி 1919-20-ல் அந்தமானுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தலாம் என்றது. ஒரு கடிதம் பாரியின் மேசையைத் தாண்டி வெளியே போக இரண்டு வாழ்க்கைகள் செலவாயின.

இந்த இடத்தில் தூத்துக்குடிக்கு வராமல் இருக்க முடியாது. செக்கு என்றால் நமக்கு வ.உ.சி.தானே. ஆனால் அவர் செக்குக்குப் போவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பள்ளியில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். 1908 பிப்ரவரி கடைசியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும். அவ்வளவுதான் கேட்டது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. பாரினின் அண்ணன் அரவிந்தர் தன் 'வந்தே மாதரம்' பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார்.

மார்ச் 12-ல் வ.உ.சி. கைது. ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை, சேர்த்து 40 வருடம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அந்தமான் போகவில்லை, கோயம்புத்தூரில் செக்கிழுத்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிக் கொடுத்த வக்கீலைச் செக்கில் கட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

மறுபடி அந்தமான். 1932-லிருந்து அரசியல் கைதிகளைத் திரும்பவும் அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். 1933 மே 12-ல் உண்ணாவிரதம். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் இறந்தார்கள். 46 நாள் கழித்து ஜூன் 26-ல் கோரிக்கைகளை ஒத்துக்கொண்டார்கள். என்ன கோரிக்கைகள் தெரியுமா? தின்னக்கூடிய சாப்பாடு, சோப்பு, படுக்கை, அறையில் விளக்கு, படிக்கப் புத்தகம், ஒருவரோடு ஒருவர் பேச அனுமதி. உயிரைக் கொடுத்துக் கேட்ட பட்டியலில் பாதி, படிக்கவும் பேசவும். கிடைத்த பிறகு சும்மா இருக்கவில்லை. அதே ஜெயிலில் வகுப்புகள் நடத்தினார்கள், நூலகம் சேர்த்தார்கள். முகம் பார்க்கக்கூடாது என்று கட்டிய கட்டடத்தில் வாத்தியாரும் மாணவனுமாக உட்கார்ந்தார்கள். 1937-ல் இன்னொரு உண்ணாவிரதம், 1938 ஜனவரியில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

என் டீமில் 14 பேர். திரும்பி வந்ததும் நான் செய்தது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு டெட்லைனுக்கும் பக்கத்தில் அதை முடிவு செய்தது யார், செய்கிறவரைக் கேட்டார்களா என்று எழுதி வைக்கச் சொன்னேன். என்னைப் பற்றிய புகார் என் மேசைக்கு வராமல் என் மேலதிகாரிக்குப் போக வழி செய்தேன். என் தங்கமணிக்கு இது பைத்தியக்காரத்தனம். "உங்களுக்கு நீங்களே ஆப்பு வெச்சுக்கிறீங்களா?" என்றாள். போஸ்டர் ஒட்டுவதைவிட இதற்கு அதிக நேரம் ஆனது, ஹெச்.ஆரில் சில முகங்களும் சுருங்கின.

கக்கூஸ், விளக்கு மாதிரி விஷயங்கள் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருந்ததை எல்லோரும் பார்த்திருப்போம். கஸ்டமர் இல்லாதபோதுகூட உட்காரக்கூடாது. கேரளாவில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தித்தான் அவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த முறை தி.நகரில் புடவை எடுக்கும்போது, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எனக்கும் சொல்லுங்கள்.