வினவலுக்குள் ஒரு வாசல்: தரவுத்தளத்துக்கு ஊர்க்கணக்கு சொல்லித்தந்த கதை

'அரியலூர்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் விட்டு எண்ணி ஐந்து என்று சொல்லிவிடும். 'பெரம்பலூர்' என்றால் ஆறு. ஆனால் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்திடம் இதே கேள்வியைக் கேட்டால் எட்டு, பத்து என்கிறது! காரணம் எளிது. யூனிகோடில் 'ரி' என்பது ரகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாக இரண்டு. தரவுத்தளம் குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம்.

இன்னொரு கேள்வி. அரியலூரில் பிறந்தவர் எந்த மாவட்டத்தில் பிறந்தார்? 1994 என்றால் திருச்சி. 1998 என்றால் பெரம்பலூர், ஏனெனில் 1995ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001ல் அரியலூர் மாவட்டம் பிறந்தது, 2002ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. இந்தக் கணக்கை எஸ்.கியூ.எல் மொழியிலேயே எழுதலாம்தான். ஆனால் ஒவ்வொரு வினவலிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஒன்றில் தேதி தவறினாலும் ஒருவரின் மாவட்டமே மாறிவிடும்.

ஒரே இடத்தில் ஒரு செயற்கூறாக எழுதிவைத்து, வினவலுக்குள்ளிருந்து அதைக் கூப்பிட முடிந்தால்? இந்த ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு.

தொடக்கம்

எஸ்.கியூ.எல்லுக்கு 1974ல் ஐ.பி.எம் நிறுவனத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் வித்திட்டார்கள். வணிகப் பேரேடுகளுக்கு ஏற்ற மொழி அது. கூட்டும், சராசரி எடுக்கும், வரிசைப்படுத்தும். அதற்கு மேல் கேட்டால் விழிக்கும். 1986ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கியபோது வேறு விதமாக யோசித்தார். உலகத்தின் எல்லாக் கணக்கையும் தரவுத்தளத்துக்குள் முன்கூட்டியே வைக்க முடியாது. எனவே பயன்படுத்துபவரே புதிய செயற்கூறு சேர்க்க ஒரு வாசல் வேண்டும். ஆனால் அந்த வாசலில் நுழைய சி மொழி தெரிந்திருக்க வேண்டும்.

வாசலை அகலமாக்கியவர் யான் வீக். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறிய அந்தத் தரவுத்தளத்துக்குள் 1998ல் டிக்கிள் என்ற ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்தார். 2000ல் பெர்ல், 2002ல் பைத்தான் வந்தன.

பி.எச்.பி திறந்த கதவு

ரிச்சர்டு ஹிப் 2000ல் வெளியிட்ட எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது, நிரலுக்குள்ளேயே ஓடும். அதனால் நிரலின் செயற்கூறை அது கூப்பிடுவது பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல! 2004ல் வந்த பி.எச்.பி 5 அதைத் தன்னுடனேயே சேர்த்துக்கொண்டது. அதில் ஒரு விசித்திர வசதி இருந்தது. வினவலுக்குள் 'பி.எச்.பி' என்றே ஒரு செயற்கூறு. பதிவு எதுவும் செய்யாமல், அதன் வழியே எந்த பி.எச்.பி செயற்கூறையும் கூப்பிடலாம்.

வசதி பெரிதுதான், ஆபத்தும் பெரிது. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே வினவலில் ஒட்டும் பழக்கம் அன்று பரவலாக இருந்தது. அப்படி ஒட்டிய தளத்தில், தேடல் பெட்டியில் விஷமமாக எழுதும் ஒருவர் தரவை மட்டுமல்ல, கணினியையே ஆட்டிவைக்க வழி பிறந்தது. கணக்கரிடம் பேரேட்டைக் காட்டச் சொன்னால், அவர் கல்லாப்பெட்டிச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போல!

பூட்டு வந்தது

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மொழிகளை நம்பகமானவை, நம்பகமற்றவை என்று பிரித்தது. நம்பகமான பெர்லால் கணினியின் கோப்புகளைத் தொட முடியாது. பைத்தானை அப்படிக் கட்டிப்போட வழியில்லை என்பதால் 2003ல் வந்த பதிப்பு முதல் அது நம்பகமற்ற மொழியாக மட்டுமே இருக்கிறது. அதில் செயற்கூறு எழுதும் உரிமை தலைமை நிர்வாகிக்கே. பி.எச்.பியின் பழைய எஸ்கியூலைட் இணைப்பு 2012ல் 5.4 பதிப்போடு விடைபெற்றது. இன்றைய இணைப்புகளில், நிரலாளர் பெயர் சொல்லிப் பதிவு செய்த செயற்கூறை மட்டுமே வினவல் கூப்பிட முடியும்.

விலை ஒன்று உண்டு. 'ஐந்தெழுத்து ஊர்களைக் காட்டு' என்று கேட்டால், பத்தாயிரம் வரிசைக்கும் பத்தாயிரம் முறை செயற்கூறு ஓட வேண்டும். சாதாரண இன்டெக்ஸ் அங்கே உதவாது.

ஆனாலும் பலன் பெரியது. 2009ல் வந்த பி.எச்.பி 5.3ல் தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும் செயற்கூறு சேர்ந்தது. அதைப் பதிவு செய்துவிட்டால் போதும், தரவுத்தளமும் அரியலூருக்கு ஐந்து, பெரம்பலூருக்கு ஆறு என்று சரியாகச் சொல்லும்.

அமெரிக்காவில் பிறந்த தரவுத்தளத்துக்கு நம் ஊர்ப் பெயரை எண்ணத் தெரியாதது அதன் குற்றமல்ல. சொல்லித்தர ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசலில் பூட்டும் இருக்க வேண்டும், சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சொல்லித்தர வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான்!