தந்தையின் தூரிகை, மகனின் அளவைச் சங்கிலி

கீழை நாடுகளை மேற்குலகின் விருப்பத்திற்கேற்பக் கற்பித்துக் காட்டும் போக்கு ‘ஓரியண்டலிசம்’, அதாவது கீழ்த்திசைவாதம், எனப்படுகிறது. எட்வர்ட் சயீத் இப்பெயரில் 1978-இல் வெளியிட்ட நூலின் அட்டையில் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் ‘பாம்பாட்டி’ இடம்பெற்றது. நீல ஓடு பதித்த சுவரோரம் ஒரு கூட்டம் அமர்ந்திருக்க, ஆடையற்ற சிறுவன் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும் அவ்வோவியமே அதன்பின் இப்போக்கின் முத்திரையாயிற்று.

தமிழகத்திற்கு வந்த ஆங்கிலேய ஓவியர்களோ பெரும்பாலும் பாம்பாட்டியைத் தேடவில்லை. அவர்கள் கையில் இருந்தது ‘பிக்சரஸ்க்’ என்னும் நயக்காட்சி இலக்கணம். முன்புறம் நிழலடர்ந்த மரம், நடுவே நீர் அல்லது சிதைந்த கட்டடம், பின்புறம் நீலம் மங்கிய மலை என்று எந்நாட்டு நிலத்தையும் ஒரே அச்சில் வார்க்க அது உதவியது. சென்னைப் படை அதிகாரி பிரான்சிஸ் ஸ்வைன் வார்டு, தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் தீட்டிய பத்து ஓவியங்களை 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினார். 1792-இல் தெற்கே பயணம் புறப்பட்ட தாமஸ், வில்லியம் டேனியல் இருவரின் காட்சிகளும் இடம்பெற்ற ‘ஓரியண்டல் சீனரி’ 144 படங்களோடு வெளிவந்தது. இவ்வகைப் படங்களில் மலை பெரும்பாலும் பின்திரையே. அதன்மேல் ஊர் இருக்கும், உழவு நடக்கும் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

அந்தப் பின்திரைக்குள் ஏறிச் சென்றவர் வார்டின் மகன் பெஞ்சமின் ஸ்வைன் வார்டு என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. நில அளவையாளரான அவர் 1821-இல் பழனி மலையை அளந்தார். ‘வராககிரி மலைகள்’ என்று தலைப்பிட்ட அவரது குறிப்பு 1837-இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் அச்சேறியது. தந்தை தொலைவில் நின்று தீட்டியது போன்றதொரு மலைத்தொடரை மகன் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார் எனினும், பின்னர் அம்மலைமேல் கோடைக்கானலை உருவாக்கியோர் மனத்தில் தங்கியது மகனின் கணக்கன்று, தந்தையின் இலக்கணமே.

1859-க்கும் 1862-க்கும் இடையே பழனி மலையில் தங்கிய மேஜர் டக்ளஸ் ஹாமில்டன், தென்னக மலைகளை அரசுக்காக வரைந்தவர். ஐரோப்பியருக்கு உடல்நல வாசத்தலம் எங்கே அமைக்கலாம் என்பதே அரசின் அக்கறை. பேரிஜம் அருகே அவர் பெயரால் வழங்கும் ‘கோட்டை’யில் மதிலுமில்லை, கொத்தளமுமில்லை, அது ஒரு சிறு வீடுதான். சமவெளியை விந்தையாகப் பார்த்த கண், புல்வெளியும் சோலையும் கலந்த இம்மேட்டு நிலத்தைத் தாய்நாட்டின் சாயலாகவே கண்டது. மண்ணைத் தட்டுத்தட்டாக வெட்டிப் பூண்டு பயிரிட்ட குன்னுவரும், காட்டில் கிழங்கும் தேனும் எடுத்த பளியரும் அச்சாயலில் பொருந்தவில்லை.

நயக்காட்சி இலக்கணத்தின்படி நடுவில் இருக்கவேண்டிய நீர் மட்டும் கோடைக்கானலில் இல்லை. மதுரை கலெக்டராயிருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு 1863-இல் ஓடைக்குக் கரை கட்டி, ஏறத்தாழ 60 ஏக்கரில் நட்சத்திர வடிவில் ஏரியை எழுப்பினார். முன்புறத்து மரங்களாக ஆஸ்திரேலியத் தைலமரமும் சீகையும் வந்து சேர, புல்வெளி படிப்படியாகச் சுருங்கியது. 1872-இல் மலை விளிம்போரம் கோக்கர் நடைபாதை அமைந்தது. மேகம் விலகிய காலைகளில் அங்கு நிற்போருக்கு மலை காலடியில் முன்புறமாகிவிட, பெரியகுளமும் அதன் கண்மாய்களும் நீலம் மங்கிய பின்திரையாகத் தெரிகின்றன.