மன்னார்க் கடலின் ஒரு சிற்றுயிருக்குப் பெயர் வந்த கதை

1970களில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் டியாகோ குடாவில் ஒரு சிறிய கடலுயிர் கண்டெடுக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். தொட்டால் உடம்பைச் சுருட்டி உருண்டையாகிவிடும். அது அந்தக் கடலுக்குரிய உயிர் அல்ல. ஜேம்ஸ் கார்ல்டன், ஏர்னஸ்ட் ஐவர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எழுதியதன்படி அதன் பெயர் ஸ்பெரோமா வோக்கரி, பூர்வீகம் வட இந்து சமுத்திரம். விஞ்ஞான உலகில் அது முதன்முதலாகப் பதிவானது இலங்கையின் மன்னார் வளைகுடாவிலிருந்து, 1905ஆம் ஆண்டில்.

எழுபது வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒருவர் அதன் உடலமைப்பை வரைந்து, பெயர் சூட்டி, கிடைத்த இடத்தையும் எழுதி வைத்திருந்தார். அந்தப் பதிவு இல்லாதிருந்தால் சான் டியாகோவில் அகப்பட்டதை உள்ளூர் உயிர் என்றே எண்ணியிருப்பார்கள். ஒரு புதிய இனத்தை 'விவரித்தல்' என்று உயிரியலாளர்கள் சொல்வது இந்த வேலையைத்தான். செய்திகளில் 'புதிய இனம் கண்டுபிடிப்பு' என்று ஒரு வரியில் முடிந்துபோகும். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் அதிகம் எழுதக் காணோம்.

கடல் விடயத்தை ஹாலிஎலவில் இருந்துகொண்டு எழுதுவதேன் என்று நீங்கள் கேட்கலாம். 'எல' என்றால் சிங்களத்தில் ஓடை. எங்கள் தோட்டத்துப் பீலியில் வழியும் தண்ணீர் பதுளு ஓயாவில் சேர்ந்து, மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மன்னாரோடும் எங்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோரில் பெருந்தொகையானோர் அந்தக் கரையில் இறங்கித்தான் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். 2023 ஜூலை 28ஆம் திகதி, மலையக மக்களின் 200 வருடங்களை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் தொடங்கியபோது செய்தி சேகரிக்க நானும் போயிருந்தேன். அங்கே ஒரு மீனவர் கடலடிப் பாறைத்தளங்களை 'பார்' என்று சொல்லக் கேட்டேன். பிற்பாடு ஆங்கிலேயரின் பழைய அறிக்கைகளைப் புரட்டினால் அதே சொல். பெரிய பார், முத்துவராட்டுப் பார் என்று ஒவ்வொரு முத்துப் படுகைக்கும் நம்மவர்கள் வைத்த பெயர் அப்படியே ஆங்கில எழுத்தில் நிற்கிறது.

அந்த அறிக்கைகள் உருவான காரணம் பணம். மன்னார் முத்துக்குளிப்பு காலனி அரசுக்குப் பெரிய வருமானம். ஆனால் 1891க்குப் பிறகு பத்து வருடங்களுக்கு மேலாகக் குளிப்பு நடக்கவேயில்லை. சிப்பிகள் முற்றுவதற்கு முன்பே அழிந்துகொண்டிருந்தன. காரணத்தைக் கண்டறிய லிவர்பூலிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். சிப்பியோடு சேர்த்து அதைச் சூழ்ந்து வாழும் அத்தனை உயிர்களையும் சேகரித்தார்கள். வாரி இழுத்தார்கள். சுழியோடிகளும் இறங்கினார்கள். போத்தல்கள் பிரித்தானியாவுக்குப் போயின. அங்கே ஒவ்வொரு வகை உயிரையும் அதில் தேர்ந்த ஒருவர் பொறுப்பேற்றார். முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக றோயல் சொசைற்றியால் அச்சிடப்பட்டன.

அந்தப் போத்தல்களில் நம்முடைய உருளும் உயிரும் இருந்தது. அது சேர்ந்த ஐசோபொட் என்ற வருணம் தோமஸ் ஸ்டெபிங்கிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இவர் ஒரு பாதிரியார். டார்வினின் கூர்ப்புக் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்ததால் பிரசங்கம் செய்யத் தடைவிதிக்கப்பட்டவர். பிரசங்க மேடை போனதால் நுணுக்குக்காட்டிக்கு நேரம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். இதே சேகரிப்பின் இன்னொரு பகுதியை ஆராய்ந்த அல்பிரட் வோக்கரின் பெயரை அவர் இந்த உயிருக்குச் சூட்டினார். வோக்கரோ, காலியிலிருந்து வந்த வேறொரு சிற்றுயிருக்கு ஒரு வருடம் முந்தியே ஸ்டெனொதோ கலென்சிஸ் என்று ஊரின் பெயரையே வைத்திருந்தார். அதுவும் இன்று உலகின் பல வெப்பக் கடல்களில் பதிவாகியிருக்கிறது. ஆக, இங்கிலாந்துக்காரர் ஒருவரின் பெயரும் காலி நகரின் பெயரும் கடல்தோறும் உலவுகின்றன. வாரியை இழுத்தவர்கள், மூழ்கியவர்கள் ஒருவரின் பெயரும் இந்த இரண்டிலும் இல்லை.

சரி, விவரித்தல் எப்படி நடக்கிறது? முதலில் மாதிரி. எங்கே, என்று, எவ்வளவு ஆழத்தில், யார் எடுத்தது என்ற துண்டு போத்தலுக்குள் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எவ்வளவு அரிய உயிராயினும் ஆய்வுக்கு அநேகமாக உதவாது. இன்று மதுசாரத்தில் பாதுகாக்கிறார்கள். போர்மலினில் போட்டால் மரபணுவை வாசிப்பது கடினமாகிவிடும். அடுத்து, மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஐசோபொட்டுக்கு ஏழு சோடிக் கால்கள். அவற்றையும் உணர்கொம்புகளையும் வாயுறுப்புகளையும் வாற்பக்கத் தகடுகளையும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, வழுக்கியில் ஏற்றி, மயிர் மயிராக வரைய வேண்டும். ஸ்பெரோமா வோக்கரியை அதன் நெருங்கிய சொந்தங்களிலிருந்து பிரித்துக்காட்டுபவை முதுகின் பின்பகுதியிலுள்ள புடைப்பு வரிசைகள், வாலோரத் துடுப்பின் பற்கள் போன்ற விடயங்கள்தான். வெறுங்கண்ணுக்கு இவை ஒன்றுமே இல்லை.

பிறகு ஒப்பீடு. அதே சாதியில் இதுவரை விவரிக்கப்பட்ட அத்தனை இனங்களையும் பார்த்தாக வேண்டும். சில விவரணங்கள் நூறு வருடப் பழைய பிரெஞ்சு, ஜேர்மன் நூல்களில் கிடக்கும். சில மாதிரிகள் இலண்டனிலோ பாரிசிலோ போத்தலுக்குள் இருக்கும். இப்போது மரபணுத் துண்டொன்றை வாசித்து ஒப்பிடுவதும் வழமையாகிவிட்டது. வித்தியாசம் உறுதியானால் ஒரு தனி உயிரை 'மூல மாதிரி' என்று அறிவித்து நூதனசாலையொன்றில் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உலகத்தில் ஒரே சாட்சி அதுதான். நாளைக்கு எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். கட்டுரை சக ஆய்வாளர்களின் பரிசீலனை கடந்து பிரசுரமாகும் நாளில்தான் பெயர் பிறக்கிறது. ஒரே உயிருக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் பொதுவாக முந்தியதே செல்லும். இதற்கான சர்வதேச விதிகள் 1758ஆம் ஆண்டை, லின்னேயஸின் நூலை, தொடக்கமாகக் கொள்கின்றன.

பாரிஸ் நூதனசாலை ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். ஒரு புதிய இனம் முதன்முதல் சேகரிக்கப்பட்டதிலிருந்து பெயர் பெறும் வரை சராசரியாக 21 வருடங்கள் ஆகின்றன. நூதனசாலைத் தட்டுகளில் பெயரில்லாமல் காத்திருப்பவை அவ்வளவு.

காத்திருப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, இந்த மலையில் உயிரோடு நடமாடிய இலட்சக்கணக்கானோர் காகிதத்தில் எந்த நாட்டையும் சேராதவர்களானார்கள். கடைசி மிச்சத்தையும் தீர்க்க 2003வரை சட்டம் தேவைப்பட்டது. என் அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். யாரோ ஒரு எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதியதன் பலன். மனிதரையும் பூச்சியையும் ஒப்பிடுவதா என்று கோபிக்க வேண்டாம். பதிவில் இல்லாததற்காக எவரும் எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது.

எங்கள் ஓடை நண்டுகளையே பாருங்கள். இலங்கையில் 51 நன்னீர் நண்டு இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் 50 வேறெங்கும் இல்லாதவை. பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வந்தது 1990களின் நடுப்பகுதியிலிருந்து 2005 வரையிலான பத்து வருடங்களில்தான். சிங்கப்பூரின் பீற்றர் இங், இலங்கையின் எம். எம். பாகிர் ஆகியோரின் உழைப்பு அது. மலைநாட்டு நண்டுச் சாதி ஒன்றின் பெயர் பேர்பிரிங்கியா. 1962இல் இங்கு வந்த சுவீடன் ஆய்வுக்குழுவின் பேர் பிரிங்க் நினைவாக வந்த பெயர். அதில் ஓர் இனத்துக்குப் பாகிர் 1998இல் 'ஊவா' என்று வைத்தார். இந்த நண்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதற்குப் பிரதான ஆதாரம் ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம். மேலோட்டப் பார்வைக்கு எல்லாமே நண்டு. பெயர்கள் கிடைத்த பின்னர்தான் அவற்றில் பெரும்பாலானவை அழிவின் விளிம்பில் நிற்பதையே மதிப்பிட முடிந்தது. அதற்கு முன்பும் தேயிலை மலைக்கு அடித்த மருந்து மழையோடு ஓடையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

வடக்கில் நிலைமை வேறு. போர்க்காலத்தில் அங்கே மீன்பிடிக்கே பாஸும் நேரக் கட்டுப்பாடும். நகத்தளவு உயிரைத் தேடி எவர் வாரி இழுக்கப் போகிறார்? தரையிலும் அப்படித்தான். 2009இல் மாங்குளத்தில் ஊரவர் கொண்டுவந்து கொடுத்த ஒரு செத்த சிலந்தியிலிருந்து தொடங்கிய தேடல், 2012இல் பொயெசிலோதீரியா ராஜேயி என்ற பெரிய மரச் சிலந்தி இனத்தின் விவரணத்தில் முடிந்தது. அந்தக் காடுகளில் ஆய்வாளருக்கு வழிகாட்டிய ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயர் அது. வழிகாட்டியவரின் பெயரும் விஞ்ஞானப் பெயராகலாம் என்பதற்கு வன்னியிலிருந்தே கிடைத்த உதாரணம்.

கடலடியில் இப்போது நடப்பது இன்னும் அவசரமானது. இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது மீனோடு சேர்ந்து, அடியில் ஒட்டி வாழும் சிற்றுயிர்களும் வாரப்படுகின்றன. 2017இல் இலங்கை அந்தத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் வடபகுதி மீனவர்கள் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றி இன்றும் முறையிடுகிறார்கள். அறுந்த வலைக்குக் கணக்குக் கொடுக்கலாம். பாரில் என்னென்ன இருந்தன என்ற கணக்குக்கு நாம் இன்னும் ஹேர்ட்மனின் 120 வருடப் பழைய அறிக்கையைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஸ்பெரோமா வோக்கரிக்கு மட்டும் கவலையில்லை. அதன் குஞ்சுகள் நீரில் மிதந்து பரவுவதில்லை. தாயின் வயிற்றுப் பையில் வளர்ந்து, சிறு உருவில் அப்படியே வெளியே வரும். தானாகச் சமுத்திரம் கடக்க அதற்கு வழியில்லை. ஆனால் கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் பாசிக்கும் கொட்டலசுக்கும் இடையில் குடியேறி, தென்னாபிரிக்கா, ஆஸ்திரேலியா, ஹொங்கொங், பிரேசில், புளோரிடா, மத்தியதரைக் கடல் என்று போய்ச் சேர்ந்துவிட்டது. மன்னார்க் கரையைக் கப்பலில் கடந்த கூட்டங்களில் இதுவும் ஒன்று.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடை நண்டையோ கடலுயிரையோ பிடித்துப் போத்தலில் போடாதீர்கள். ஆய்வுக்காகச் சேகரிக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கைத்தொலைபேசியில் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் படமெடுத்து, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயத்தை வைத்து, இடத்தையும் திகதியையும் குறித்து அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பிரிவுக்கு அனுப்பலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் பதிவேற்றினால் உங்கள் பெயரும் பதிவோடு சேர்ந்தே இருக்கும்.